தோழமையும் துலாக்கோலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு நிறைவு விழாவில் பாராட்டிப் பேசுவதே மரபு. பாராட்ட வேண்டியவற்றை எனக்கு முன்னே பேசியவர்கள் குறைவறச் சொல்லிவிட்டார்கள். செயலாளர் எனக்கு அளித்த பொருளோ சற்றுச் சங்கடமானது. ‘உடன் எழுதுவோரின் கதைகளைப் பற்றி உண்மையைச் சொல்லுதல்’ என்பது அது. மாலையும் பொன்னாடையும் காத்திருக்கும் நாளில் இப்படியொரு பொருளைக் கொடுத்தவரின் துணிவை வியந்துவிட்டுத் தொடங்குகின்றேன்.

நாம் யார்? நம்முள் ஆசிரியர் உண்டு, வங்கி ஊழியர் உண்டு, மின்வாரியத்தில் பணிபுரிவோர் உண்டு, நெசவாளர் உண்டு, மளிகைக் கடை நடத்துபவரும் உண்டு. எழுத்தை நம்பி உலை வைப்பவர் ஒருவரும் இல்லை. இதைக் குறைவாகக் கருதுவோர் சங்கப் புலவர்களின் பெயர்களை ஒருமுறை நோக்கவேண்டும். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மருத்துவன் தாமோதரனார், பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று தொழிலைப் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். துலாக்கோல் பிடித்த கையே எழுத்தாணியும் பிடித்தது. ஆகவே, ‘பொழுதுபோக்காக எழுதுகிறவர்தாமே, அவரிடம் எதற்குக் கண்டிப்பு?’ என்னும் வாதம் எனக்கு உடன்பாடன்று. கனிவுபோலத் தோன்றும் அந்தச் சொல்லுக்குள் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கின்றது.

நம் கதையை இதழுக்கு அனுப்பினால் என்ன நேர்கின்றது? முன்பெல்லாம் தபால்தலை ஒட்டிய உறையை உடன் வைத்திருந்தால், வருத்தம் தெரிவிக்கும் அச்சிட்ட சீட்டு ஒன்றோடு கதை திரும்பி வந்தது. இப்போது பெரும்பாலும் அந்தச் சீட்டும் வருவதில்லை. ஏன் ஏற்கவில்லை என்று விளக்க ஆசிரியர் குழுவிற்கு நேரமில்லை. அது அவர்கள் கடனும் அன்று. வீட்டாரிடம் கொடுத்தால் ‘நன்றாயிருக்கிறது’ என்பார்கள். இல்லையேல், ‘இதில் வருகிற மாமியார் யார்?’ என்று கேட்பார்கள். எஞ்சியிருப்பது மாதந்தோறும் கூடுகின்ற இந்த இருபது முப்பது பேர்தாம். இவர்களும் சொல்லவில்லையென்றால் அந்தக் கதைக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவர் எக்காலத்தும் அறியமாட்டார்.

அண்டை நகரத்து நண்பர் ஒருவரை நினைக்கின்றேன். பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைச் செலவிட்டுத் தம் சிறுகதைகள் பதினான்கைத் தொகுத்து ஆயிரம் படிகள் அச்சிட்டார். அந்த ஊரிலும் நம்மைப் போன்ற ஓர் அமைப்பு உண்டு, பெயர் வேண்டாம். அங்கே அவர் ஆண்டுக்கணக்கில் கதை படித்தவர். படித்தபோதெல்லாம் ‘அருமை’ என்றார்கள். வெளியீட்டு விழாவில் பதினொருவர் வாழ்த்தினார்கள். அதன்பின் நடந்தது நீங்கள் அறிந்ததே. சில ஆண்டுகள் கழித்து நான் அவர் இல்லத்திற்குச் சென்றபோது, கட்டிலுக்கடியில் கட்டுப் பிரிக்கப்படாமலே புத்தகங்கள் இருந்தன. ஒரு படியை எடுத்துக்கொண்டுவந்து முழுவதும் படித்தேன். பதின்மூன்று கதைகள் எவரும் எழுதக்கூடிய கதைகள். ஒன்று மட்டும் வேறு. ஒரு ரயில்வே கேட்காவலரின் ஓரிரவைப் பற்றியது; எட்டுப் பக்கந்தான்; இன்றும் அது என் நினைவில் இருக்கின்றது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அந்தக் கதை தனி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, சார். தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருப்பேன்’ என்றார்.

அன்பர்களே, இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். பொய்ப் பாராட்டினால் விளையும் கேடு, குறையை மறைப்பது என்றே பொதுவாகக் கருதுகிறோம். அதைக்காட்டிலும் பெரிய கேடு, அது நிறையை மறைத்துவிடுகின்றது. பதினான்கையும் அருமை என்றவர்களால் அந்த ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. சொல்லுவதற்கு அவர்களிடம் சொல் மீதமில்லை. ‘அருமை’ என்பதை முன்பே செலவழித்துவிட்டார்கள்.

வாழ்த்துவதற்கு நம் மரபில் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய நூல்களைப் புரட்டினால், தொடக்கத்தில் பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள் நிற்கும். இன்றைய அணிந்துரை அதன் வழித்தோன்றல். அங்கே குறை தேடுவது, திருமண வீட்டில் பெண்ணின் மதிப்பெண்ணைக் கேட்பது போன்றது. ஆனால் அரங்கேற்றம் என்று இன்னொன்றும் இருந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பெற்றது என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அங்கே கேட்பவர் ஐயம் எழுப்புவார்; பாடியவர் விடை சொல்லுவார். கச்சியப்பரின் கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியதைப் பற்றி வழங்கும் கதை யாவரும் அறிந்தது. முதற் செய்யுளின் முதற் சொல்லிலேயே தடை எழுந்தது. ‘திகழ்’ என்பதும் ‘தச’ என்பதும் அவ்வாறு புணர இலக்கணத்தில் விதி உண்டோ என்று ஒருவர் கேட்டார். அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதியைக் காட்டினார் என்றும், வந்தவர் முருகனே என்றும் சொல்லுவார்கள்.

இது வரலாறா என்று நான் வாதிட வரவில்லை. இக்கதையைக் கட்டியவர்களின் உள்ளத்தைக் கவனியுங்கள். தடை சொன்னவர் நூலாசிரியரின் புலமையைப் பழிக்கவில்லை. நூல் முழுவதும் பிடிக்கவில்லை என்று கைவிரிக்கவும் இல்லை. ஒரு சொல்லை, அதிலும் ஒரு புணர்ச்சியை விரல்வைத்துக் காட்டினார். அந்த ஒன்றுக்காக ஒரு பெருங்காப்பியம் ஒரு நாள் காத்திருந்தது. தடை சொன்னவரை எவரும் பகைவராக நினைக்கவில்லை. விடை சொல்லக் கடவுளே வரவேண்டியிருந்தது என்றால், கேள்விக்கு எத்தனை மதிப்பு!

இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. பிழைபடப் பாடுவோரைப் பிள்ளைப் பாண்டியன் தலையில் குட்டினான். வில்லிபுத்தூரார் காதை அறுத்தார். ஒட்டக்கூத்தர் தலையையே கொய்தார் என்றெல்லாம் கதைகள் வழங்குகின்றன. இவற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்குப் பிடித்தது சாத்தனாரைப் பற்றிய கதை. பிறர் பாட்டில் பிழை கேட்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டாராம்; அதனால் தலையில் சீழ் பிடித்ததாம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர், சீழுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிஞர்கள் மறுத்துவிட்டார்கள். மறுக்கட்டும். பிழை கண்டபோது நோவு தம்முடையதாக இருந்த ஒருவரைக் கற்பனை செய்ய நம் முன்னோர்க்குத் தோன்றியதே, அது எனக்குப் போதும். குறை காணும்போது உள்ளூர இனிக்கின்றதா, வலிக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளலாம். இனித்தால், அந்த ஒருநாள் வாய் திறவாதிருப்பது நலம்.

இனி, நம் கூட்டங்களில் நடப்பது. கதை படித்து முடிந்தவுடன் பெரும்பாலும் மூவகைப் பேச்சுக் கேட்கின்றது. ‘நன்றாக இருந்தது’ என்பது ஒன்று. ‘ஏதோ ஒன்று குறைகிறது’ என்பது மற்றொன்று. ‘இதையே நான் எழுதியிருந்தால்’ என்று தொடங்கி வேறொரு கதையைச் சொல்லி முடிப்பது மூன்றாவது. இம்மூன்றினாலும் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. எது குறைகின்றது என்று சொல்லத் தெரியவில்லையா? பவணந்தியார் நன்னூலில் பத்துக் குற்றங்களுக்கும் தனித்தனியே பெயர் வைத்துச் சென்றிருக்கின்றார். நூலுக்கு வகுத்தவைதாம், சிறுகதைக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. பேருந்து நிலையத்தை இரண்டு பக்கம் வருணித்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் கதையைத் தொடங்குகிறோமே, அது மற்றொன்று விரித்தல். முடிந்துவிட்ட கதையின் கீழே இன்னொரு பத்தி எழுதி, முதியோர் இல்லத்தில் விடப்பட்ட தந்தையின் துயரத்தை விளக்குகிறோமே, அது கூறியது கூறல். வேகமாகப் புறப்பட்டு, கடைசியில் ஒரு விபத்தையோ கனவையோ வைத்துத் தப்பித்துக்கொள்வதைச் சென்று தேய்ந்து இறுதல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பெயர் தெரிந்த நோய்க்கு மருந்து தேடலாம்.

அதே நன்னூல் மாணாக்கரின் இயல்பைச் சொல்லும்போது கடைப்பட்டவருக்கு நெய்யரியை உவமையாக்குகின்றது. நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வடிகட்டி அது. மதிப்புரை சொல்லுவோருக்கும் அவ்வுவமை பொருந்தும். ஒற்றுப்பிழைகளை வரிசையாகக் குறித்து வந்து வாசிக்கும் அன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அந்தத் தாளை எழுதியவரிடம் தனியே கொடுத்துவிடலாம். அவையின் நேரம் அதற்கன்று.

நான் கேட்ட மதிப்புரைகளுள் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், அதைச் சொன்னவர் எந்தத் திறனாய்வு நூலையும் படித்தவர் அல்லர். நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது. ஆசிரியை ஒருவர் ஒரு நெசவுக் குடும்பத்தைப் பற்றிக் கதை படித்தார். தந்தை இறந்த பதினாறாம் நாள் மகள் தறியில் அமர்கின்றாள், இழை ஒன்று அறுகின்றது, அதைத் தந்தையின் உயிராக எண்ணி அவள் தறிமேல் விழுந்து கதறுகின்றாள், கதை முடிகின்றது. அவையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த நெசவாளர் ஒருவர் எழுந்தார். ‘டீச்சர், கதை நல்லா வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. இழை அறுந்தா நாங்க அழமாட்டோம், முடி போடுவோம். கை தானாப் போயிடும். அழுகை அப்புறந்தான் வரும்’ என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.

அவ்வளவுதான். ஒரு நிமிடங்கூட ஆகியிராது. அம்மையார் அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதங்கழித்து அதே கதையைத் திருத்தி எழுதிவந்து படித்தார். இப்போது அந்தப் பெண் இழையை முடிபோடுகின்றாள். நாடா மீண்டும் ஓடுகின்றது. அவள் அழுததாகக் கதையில் எங்கும் இல்லை. அன்றைக்கு அவை கண்ணைத் துடைக்கவில்லை. வெகுநேரம் ஒருவரும் பேசவே இல்லை.

அந்த நெசவாளர் செய்தது என்ன? தமக்குத் தெரிந்த ஓரிடத்தில் நின்றுகொண்டார். கதை எந்த வரியில் தம்மைக் கைவிட்டது என்பதைச் சொன்னார். எப்படித் திருத்தவேண்டும் என்று கற்பிக்கவில்லை. அதை எழுதியவரிடமே விட்டுவிட்டார். மேற்கத்தியக் கோட்பாடுகளை அறிந்துகொள்வது நன்றே. நான் மறுப்பவன் அல்லன். ஆனால் படிக்கும்போது நம் கவனம் எந்தப் பக்கத்தில் கலைந்தது, எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை நேர்மையாகக் கவனித்துச் சொல்ல எந்தக் கோட்பாடும் வேண்டியதில்லை. கவனம் கலையாத இடத்தையும் அவ்வாறே குறித்துச் சொல்லவேண்டும். ‘முதலில் மூன்று நிறை, பிறகு ஒரு குறை’ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம் என ஓர் அன்பர் முன்பு கருத்துரைத்தார். எனக்கு அதில் விருப்பமில்லை. மூன்றாவது நிறையைச் சொல்லும்போதே எழுதியவர் முகத்தில் அச்சம் படர்வதைப் பார்த்திருக்கின்றேன்.

மேடையில் நகைச்சுவையாகக் குறை கூறுவோரைப் பற்றி ஒரு சொல். பட்டிமன்றங்களில் பழகிய நாவிற்கு அவையைச் சிரிக்க வைப்பது எளிது. கைதட்டல் அவருக்குக் கிடைக்கின்றது; முதல் கதையைக் கைநடுங்கப் படித்த இளைஞர் மறுமாதம் வருவதில்லை. வராதவர்களின் பெயர்கள் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன; ஒரே ஒரு முறை கையொப்பமிட்டவர்களை எண்ணிப் பார்க்கலாம். எல்லாரும் இதனால்தான் நின்றார்கள் என்று சொல்லமாட்டேன். நட்பைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், நட்புச் சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று, எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்கும் உரியது என்கிறார். இக்குறளைச் சொல்லிக்கொண்டு இடிக்கப் புறப்படுவோர் அது நட்பதிகாரத்தில் இருக்கின்றது என்பதை மறந்துவிடுகிறார்கள். நட்பு முன்னே வந்திருக்கவேண்டும்.

அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. நாம் சிற்றூர்க்காரர்கள். இங்கே கதை எழுதியவர் நாளை காலை வங்கியில் நமக்கு மேலதிகாரி. அல்லது நம் பிள்ளையின் தலைமையாசிரியர். அல்லது இந்த மண்டபத்தின் வாடகையைக் கொடுத்த புரவலர். அவர் கதைக்கு ஒரு தராசும், எவருக்கும் மேலதிகாரியாக இல்லாத ஓர் இளம்பெண்ணின் கதைக்கு வேறொரு தராசுமாக நாம் பேசினால், அதை முதலில் கண்டுகொள்வது அவையிலிருக்கும் இளையவர்கள்தாம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, எழுதியவர் பெயரில்லாமல் படிகளை ஒரு வாரம் முன்னதாகவே அனைவருக்கும் கொடுத்துவிடுவது. நடை பார்த்துச் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மையே. ஆயினும் செவியால் ஒருமுறை கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லும் வழக்கமாவது அதனால் நின்றுபோகும். நல்ல குரல்வளம் உடையவர் படித்தால் சாதாரணக் கதையும் உயர்ந்துவிடுகின்றது. தயங்கித் தயங்கிப் படிப்பவர் தம் நல்ல கதையையே கெடுத்துவிடுகிறார்.

பிழைக்கும் புதுமைக்கும் வேறுபாடு அறிவதும் வேண்டும். கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே எழுத்தில் கொணர்ந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அவர் 2021இல் மறைந்தபோது நாடே இரங்கியது. அந்த நடையில் ஒருவர் நம் கூட்டத்தில் இன்று முதல் கதையைப் படித்தால், சிவப்பு மையால் எத்தனை சொற்களை நாம் அடிப்போம்? நமக்குப் பழக்கமில்லை என்பது குறையாகாது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லலாம், அது உண்மை. ‘இது தமிழன்று’ என்று சொல்லுமுன் சற்றுத் தாமதிக்கலாம்.

இவையெல்லாம் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. நாம் அனைவரும் விரும்பிப் படிக்கின்ற அன்டன் செகாவ் ஒரு காலத்தில் நம்மைப்போல் ஓய்வு நேரத்தில் எழுதியவர், மருத்துவர். நகைச்சுவை இதழ்களுக்குப் புனைபெயரில் வேகவேகமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். 1886இல் அவருக்கு வயது 26. அப்போது கிரிகோரோவிச் என்னும் முதுபெரும் எழுத்தாளர் தாமாகவே முன்வந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்திய ஆண்டு வெளிவந்த ‘வேட்டைக்காரன்’ என்னும் சிறுகதை அவரை ஈர்த்திருந்தது. உமக்கு உண்மையான ஆற்றல் இருக்கின்றது என்று மனமாரச் சொன்னார். அதே கடிதத்தில், அவசரமாக எழுதுவதை விட்டுவிடும் என்றும் கண்டித்தார். செகாவ் அளித்த விடை உருக்கமானது. எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்குமேல் தாம் உழைத்ததாக நினைவில்லை என்றும், அந்த வேட்டைக்காரன் கதையைக் குளிக்குமிடத்தில் இருந்து எழுதியதாகவும் அதில் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘அந்தி ஒளியில்’ என்னும் தொகுதியை அவர் கிரிகோரோவிச்சுக்கே காணிக்கையாக்கினார். 1888இல் அத்தொகுதிக்குப் புஷ்கின் பரிசில் பாதி கிடைத்தது. ஒரு கடிதத்தால் செகாவ் பிறந்தார் என்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆயிரம் துணுக்குகளுக்கிடையே கிடந்த ஒரு கதையைப் பெயர் சொல்லிச் சுட்டியவர் அந்த முதியவர். என் நண்பருடைய கேட்காவலர் கதைக்கு அப்படியொரு கடிதம் உரிய காலத்தில் வரவில்லை.

கவிஞர்கள் மிகுந்திருக்கும் அவையில் கதையைப் பற்றியே பேசிவிட்டேன். அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது முதன்மையாக விமர்சனத்திற்கென்றே. 1970 வரை நடந்த அவ்விதழை இன்று நாம் எதற்காக நினைக்கிறோம்? புதுக்கவிதைக்காக. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுதி வந்ததும் அங்கிருந்துதான். ஒருவரையொருவர் தயவுதாட்சணியமின்றிப் படித்துக்கொண்ட இடத்தில் புதிய கவிதை முளைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கேட்டுக்கொள்பவரின் பங்கும் உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்கின்றேன். கதையைப் பற்றிப் பிறர் பேசும்போது எழுதியவர் இடையில் எழுந்து, ‘நான் சொல்லவந்தது என்னவென்றால்’ என்று விளக்கத் தொடங்குவதை நாம் இனி அனுமதிக்கலாகாது. அச்சேறிய கதையோடு கூடவே சென்று ஒவ்வொரு வாசகரிடமும் விளக்க இயலாது அல்லவா? குறித்துக்கொள்ளட்டும். சொன்னவற்றையெல்லாம் ஏற்கவேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் சொன்னால் அது அவர் சுவை. தொடர்பில்லாத மூவர் ஒரே வரியைச் சுட்டினால், அந்த வரியை மீண்டும் பார்ப்பது நலம்.

நேரம் முடிந்ததென்று செயலாளர் மணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த திங்கள் கூட்டத்திற்கு நான்கு கதைகள் வந்திருக்கின்றன. அவற்றின் படிகளை வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம்; ஓரத்தில் எழுத இடம் விட்டே தட்டச்சு செய்திருக்கிறார்கள். எதிலும் பெயர் இல்லை. நால்வருள் ஒருவர் இதற்குமுன் இங்கே கதை படித்ததே இல்லை என்று மட்டும் அறிகின்றேன். செல்லும்போது ஆளுக்கொரு கட்டு எடுத்துச் செல்லுங்கள்.